ரத்தம் சொன்ன சாட்சி

நான் டாக்டர் அல்ல. கல்லூரிக்குள் போய் இரண்டே வருஷத்தில் வெளியே வந்துவிட்டவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். இருந்தாலும் எங்கள் தெருவில் எனக்கு ஒரு கௌரவ வைத்தியர் பதவி உண்டு. ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம் எது வந்தாலும், அது பாங்கு நோட்டீஸாகட்டும், கோர்ட்டுக் கடிதமாகட்டும், ரத்தப் பரிசோதனைச் சீட்டாகட்டும், "எழுத்தாளர் சார்கிட்டக் காட்டிட்டு வா" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். ஓசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். மூன்று பாஷைக்காரர்களுக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலக் காகிதத்தின்மேல் உள்ள பயம்தான். அந்தப் பயத்தைப் போக்குகிறவன் என்ற முறையில் எங்கள் வீட்டுக்கு அவ்வப்போது நாலு ரோஜாவும் ஒரு படி கேழ்வரகும் வந்து சேர்வதுண்டு.

அந்தப் பதவியின் தைரியத்தில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். அவர் பெயர் வேண்டாம். கல்காரர் என்றே சொல்கிறேன். கிருஷ்ணகிரிச் சீமையின் குன்றுகளிலிருந்து வெட்டிக்கொண்டு வரும் கிரானைட்டைப் பலகை பலகையாக அறுத்து மெருகேற்றும் பட்டறை ஒன்றில் அவருக்கு 19 வருஷமாக வேலை. 'பாரடைசோ' என்று ஒரு கல் இந்தப் பக்கத்துச் சரக்கு. ஊதாவும் சாம்பலும் அலை அலையாக ஓடும். கடல் கடந்து போய், யார் யார் வீட்டுச் சமையல் மேடையாகவோ அது படுத்துக்கொள்கிறது. அந்த அலைகளுக்குப் பளபளப்பு ஏற்றுகிறவர் எங்கள் கல்காரர்.

கையில் இரண்டு சீட்டுகள் வைத்திருந்தார். பட்டறையில் மருத்துவ முகாம் நடத்தியிருக்கிறார்கள். எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஊசி குத்தி ரத்தம் எடுத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுப் பெண்களும் வரலாம் என்று சொன்னதால் அவர் சம்சாரமும் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார்.

"என்னா போட்டிருக்குது சார்?"

பார்த்தேன். சி.ஆர்.பி. என்ற வரிக்கு எதிரே கல்காரர் சீட்டில் 3.1 என்று இருந்தது. ஐந்துக்குள் இருந்தால் சரி என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. ஈ.எஸ்.ஆரும் ஒழுங்காகவே இருந்தது. அவர் சம்சாரத்தின் சீட்டில் சி.ஆர்.பி. 38. அதைத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. எல்லாம் நார்மல். அம்மாவைத்தான் டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றேன்.

"அப்போ இந்த மூச்சு வாங்குறது? மூணு வருஷத்துக்கு முந்தி சந்திரசூடேஸ்வரர் மலைப் படியை ஒரே மூச்சுல ஏறி, சாமி பாத்துட்டு, எறங்கி வந்து டீ குடிச்சிட்டு வேலைக்குப் போவேன் சார். இப்போ நடுவுல ரெண்டு எடத்துல உக்கார வேண்டியிருக்குது."

"வயசாகுதில்ல?" என்றேன்.

அவருக்கும் எனக்கும் ஒரே வயது. அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததைப் பார்த்தேன். அந்த நிம்மதியை நான் கொடுத்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் மறுநாள் காலை வழக்கம்போல் பட்டறைக்குப் போனார். ஏழு மாதம் போனார்.

இந்த ஏழு மாதத்தை நினைத்த பிறகுதான் நான் அந்தச் சீட்டில் இருந்த எழுத்துகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். வெட்கம் வந்த பிறகு படிக்கிற படிப்புக்கு ஒரு வேகம் உண்டு.

உடம்பில் எங்காவது கிருமி நுழைந்தாலோ காயம் பட்டாலோ அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. இதை அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. இந்த நெருப்பு எரிகிறபோது ஈரலுக்கு ஒரு சேதி போகிறது; ஈரல் சில புரதங்களைப் பெருவாரியாகத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் ஒன்றுதான் சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் இதைக் கண்டார்கள். நிமோனியா கண்டவர்களின் ரத்தநீரோடு, அந்தக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளைக் கலந்தால் திரிந்து படிந்தது. நோய் தீர்ந்தவர்களின் ரத்தநீர் அப்படித் திரியவில்லை. ஆக, நுரையீரல் நோயாளியிடம் பிறந்த பரிசோதனை இது. ஈ.எஸ்.ஆரும் ஏறக்குறைய அப்படித்தான். ரத்தத்தை ஓர் உயரமான கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பது. அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் மிகுந்து, சிவப்பணுக்கள் அடுக்கிய காசுகள்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஸ்வீடன் தேசத்து வெஸ்டர்கிரன் 1921இல் இதைக் காசநோயாளிகளிடம் சோதித்து எழுதினார். இன்றுவரை அவர் பெயரிலேயே அந்தக் குழாய் வழங்குகிறது.

இவ்வளவும் நல்ல அறிவுதான். ஆனால் கல்காரர் சம்சாரத்தின் கதையைக் கேளுங்கள்.

38 என்ற எண்ணைப் பார்த்து அந்த வீடு இரண்டு நாள் சாப்பிடவில்லை. புற்றுநோயோ என்று அந்த அம்மாள் பயந்தார். அதைச் சொல்லாமல் பயந்தார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, வேரில் சீழ் வைத்திருந்தது. மாதக்கணக்கில் அந்த வலியைக் கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் களி கிண்டிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தபோது எண் நாலுக்கு வந்துவிட்டது.

இதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. நம் வீட்டுப் பெண்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் கேட்பதற்கு வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த அம்மாள் சொல்லாததை அவர் ரத்தம் சொன்னது. கருவியைப் பழித்துவிட்டு மனிதனின் வாய்ச்சொல் ஒன்றே சத்தியம் என்று எழுதிவிடுவது சுலபம். எழுத்தாளர்களுக்கு அது பிடித்தமான வேலையும்கூட. ஆனால் வாயே திறக்காதவர்களுக்காக வாதாட வருகிற சாட்சியை நான் எப்படிப் பழிப்பேன்?

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அந்தப் பெண்ணுக்குத் தருக்கம் கற்பிக்கிறார். காஞ்சியில் நடக்கிற பாடம். மலைமேல் புகை தெரிகிறது. ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. எதைப்போல என்றால் அடுக்களையைப்போல. இதுதான் அங்கே வருகிற உதாரணம். நான் பள்ளியில் இதைக் கடம் போட்டபோது அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. சி.ஆர்.பி. என்பது புகை. புகையைக் கண்டால் நெருப்பு உண்டு என்று சொல்லலாம். எரிவது மூங்கிலா, வைக்கோற்போரா, யாருடைய வீடா என்று புகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 38 என்ற எண்ணுக்குப் பல்லும் நுரையீரலும் ஒன்றுதான்.

அடுக்களை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாத்தனார் காலத்து அடுக்களையில் இருந்த புகை கல்காரர் வீட்டு அடுக்களையில் இன்றும் இருக்கிறது. காஸ் சிலிண்டர் வந்துவிட்டது. ஆனால் அது விருந்தாளிக்கும் காப்பிக்கும். களி கிண்டுவதும் வெந்நீர் வைப்பதும் விறகில்தான். பீடியே தொடாத பெண்களுக்கும் இந்தப் புகையால் மூச்சுக்குழல் சுருங்கி நாள்பட்ட அடைப்பு நோய் வருகிறது என்பது நம் நாட்டு மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். அந்த அம்மாளின் பல்லைப் பிடுங்கினார்கள். அடுப்பை யாரும் பார்க்கவில்லை.

ஏழு மாதம் கழித்துக் கல்காரருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தது. இந்தத் தடவை நானே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். அங்கே இருந்தவர் ஓர் இளம் டாக்டர், பெண். வரிசையில் அறுபது பேர் நின்றார்கள். அவர் சீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஆளைப் பார்த்தார். பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "என்ன வேலை செய்றீங்க?"

"கல்லு பாலிஷ் பண்றதுங்க."

"எத்தனை வருஷமா?"

அதற்கு அப்புறம்தான் நாடி, மார்பு எல்லாம். எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு குழாயில் மூச்சை முழுக்க ஊதச் சொல்லி, முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அளக்கும் பரிசோதனைக்கும் எழுதினார். எக்ஸ்ரேயைப் பிடித்துக் காட்டியபோது, இரண்டு பக்கமும் மேல்பாகத்தில் மணல் தூவினாற்போல் இருந்தது. சிலிக்கோசிஸ் என்றார். கல்தூசி நோய்.

நான் பழைய முகாம் சீட்டை எடுத்து நீட்டினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நீட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல இந்த நோய் தெரியணும்னு கட்டாயம் இல்லீங்களே" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது அவ்வளவு சின்ன விஷயம்.

அந்தச் சீட்டை அன்றிரவு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, ஆணா பெண்ணா, யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தது. எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. என்ன வேலை என்பதற்குக் கட்டம் இல்லை. 1700இல், இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போக்ரட்டஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் சொன்னார். கல் உடைப்பவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம் சீட்டில் இன்னும் கட்டம் போட்டு முடியவில்லை.

கல்தூசி செய்கிற வேலை விசித்திரமானது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும்; இருமினால் வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசிதான், தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போகிறது. அங்கே காவல் நிற்கும் விழுங்கணு அதைக் கிருமி என்று எண்ணி விழுங்குகிறது. கிருமியானால் செரிக்கும், கல் செரிக்குமா? விழுங்கிய அணு செத்துவிழ, தூசி வெளியே வருகிறது. இன்னோர் அணு வந்து அதை விழுங்கிச் சாகிறது. இந்த ஓயாத சாவின் நடுவே தழும்பு படிகிறது. தழும்பேறிய இடம் விரியாது, சுருங்காது. பட்டறையை விட்டு வந்துவிட்டாலும், உள்ளே போன தூசி தன் காரியத்தைச் செய்துகொண்டேதான் இருக்கும். காசநோய்க்கும் இது கதவைத் திறந்துவிடும். இதைத் தீர்க்க மருந்து கிடையாது. தூசி போகாமல் தடுக்கலாம். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே கல்லை அறுத்தால் தூசி பெரும்பாலும் எழும்பாது. இது ஒன்றும் பெரிய ரகசியமல்ல.

இவ்வளவு நடக்கும்போது ரத்தத்தில் 3.1 என்று வருமா? வரும். அதுதான் நான் அறியாதது. உள்ளே ஒரு மூலையில் கனன்றுகொண்டிருப்பது ரத்தம் முழுவதும் பரவித் தெரிய வேண்டும் என்ற விதி இல்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றிப் பல நாடுகளில் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். எக்லிப்ஸ், அதாவது கிரகணம் என்று அதற்குப் பெயர். அவர்கள் சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர்கள், கல்தூசிக்காரர்கள் அல்ல. ஆனாலும் எனக்கு அது ஒரு பாடமாக இருந்தது. சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜன், வெள்ளையணு என்று ஆறு அடையாளங்களை அவர்கள் ரத்தத்தில் தேடினார்கள். 2012இல் முடிவு வெளியாயிற்று. நோய் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு 30 பேர் ரத்தத்தில் அழற்சியின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. 16 பேர் ரத்தத்தில் அது விடாமல் தொடர்ந்து இருந்தது. நுரையீரல் கெட்டிருந்த அளவில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் மூன்று வருஷத்தில், அடையாளம் தொடர்ந்து இருந்தவர்களில் நூற்றுக்கு 13 பேரும், அடையாளமே இல்லாதவர்களில் 2 பேரும் இறந்தார்கள்.

இதில் இரண்டு செய்தி இருக்கிறது. எண் உயர்ந்திருந்தால் அது விளையாட்டல்ல, கவனிக்க வேண்டும். எண் உயரவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. மூச்சு முட்டுகிறவன் முட்டிக்கொண்டுதான் இருக்கிறான். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்று அறவண அடிகள் சொன்னார். புகை இல்லாவிட்டால் நெருப்பு இல்லை என்று எந்தத் தருக்க நூலும் சொல்லவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது என்பது தருக்கக்காரர்களின் பழைய உதாரணம். ஓசூரில் 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து நாங்கள் காய்ச்சிய இரும்பைப் பார்த்தே வளர்கிறோம். நீறு பூத்த நெருப்பு என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். இத்தனை இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தருக்கத்தைத் தலைகீழாகப் படித்தேன்.

ஏன் படித்தேன்? இந்தக் கேள்வியைப் பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். எதிரே ஒரு மனிதர் நின்று, தன் மூச்சைப் பற்றித் தானே சொல்கிறார். எந்தப் படியில் உட்கார்ந்தார் என்றுகூடச் சொல்லத் தயாராக இருக்கிறார். இன்னொரு பக்கம், அவரைப் பார்த்தேயிராத ஓர் இயந்திரம் ஓர் எண்ணைத் துப்பியிருக்கிறது. நான் இயந்திரத்தை நம்பினேன். அச்சில் இருந்தது என்பது ஒரு காரணம். ஆங்கிலத்தில் இருந்தது என்பது இன்னொன்று. இவற்றைவிடக் கசப்பான காரணமும் உண்டு. அவர் சொன்னதை நம்பியிருந்தால், அடுத்தாற்போல் நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டும். பட்டறைக்காரரிடம் பேச வேண்டும். வேலையை விட்டுவிடு என்று சொன்னால் அப்புறம் சோற்றுக்கு என்ன வழி என்று யோசிக்க வேண்டும். 3.1 என்னை இவை எல்லாவற்றிலிருந்தும் விடுதலை செய்தது.

காண்டல், கருதல், உரை என்று நம் முன்னோர் அறிவுக்கு மூன்று வழி சொன்னார்கள். எக்ஸ்ரே, காண்டல். ரத்தப் பரிசோதனை, கருதல். நம்பத் தகுந்தவன் சொல்வது, உரை. வேதத்துக்கும் ரிஷிகளுக்கும்தான் அந்த மூன்றாவது வழி என்று எண்ணியிருந்தேன். ஒருவனுடைய மூச்சைப் பற்றிச் சொல்ல அவனைவிடத் தகுந்த ஆப்தன் யார்?

பொய் சொல்கிறவர்களும் உண்டே என்பீர்கள். உண்டு. லீவுக்காக இருமுகிறவர்களை நானும் அறிவேன். பழக்கத்தால் தன் மூச்சுத்திணறலே தெரியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் கருவி வேண்டியிருக்கிறது. சரியான கேள்வியைக் கேட்டால் அது சரியாகவே பதில் சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 86 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியாயிற்று. நாள்பட்ட அடைப்பு நோய்க்காரர்களுக்குத் திடீரென்று நோய் முற்றும்போது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கேயே சி.ஆர்.பி. பார்த்தார்கள். கிருமிக்கொல்லி மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்விக்காக. பார்க்காதவர்களில் நூற்றுக்கு 77 பேர் அந்த மருந்தைச் சாப்பிட்டார்கள்; பார்த்தவர்களில் 57 பேர்தான். குணமாவதில் குறைவு ஒன்றும் இல்லை. என் கல்காரர் கேட்ட கேள்வி அது அல்ல. "எனக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்று கேட்டார். அந்தச் சீட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது. நான் அதைக் கேட்ட கேள்வியோடு ஒட்டவைத்தேன்.

சொன்னதைக் கேட்காமல் விடுகிற வழக்கம் எனக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய பெங்களூரில் 1959இல் தேசியக் காசநோய் நிலையத்தை ஏற்படுத்தினார்கள். பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் அங்கிருந்து தும்கூர் ஜில்லாவின் கிராமங்களுக்குப் போய் விசாரித்தார்கள். நாட்டுப்புறத்தான் நோயை அறியமாட்டான், அறிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான் என்று பட்டணத்தில் எல்லோரும் நம்பியிருந்த காலம். 1963இல் வெளியான அவர்கள் முடிவு வேறாக இருந்தது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடம்பில் ஏதோ கெட்டிருப்பதை உணர்ந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வைத்தியசாலைக்குப் போயும் வந்திருந்தார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது ஒரு சீசா இருமல் மருந்து! அந்தச் சீசாவுக்கும் நான் சொன்ன "வயசாகுதில்ல?"வுக்கும் என்ன வித்தியாசம்?

கிருஷ்ணகிரிக்கு வடக்கே எல்லை தாண்டினால் கோலார் ஜில்லா. அங்கே தங்கவயலில் மண்ணுக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். எங்கள் சீமையிலிருந்து போன குடும்பங்களும் பல. 1940களில் அங்கே 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டமே இதை அரசாங்கத்துக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். ஆக, இந்த நோயை எங்கள் பக்கத்துக் காற்று அறியாதது என்று யாரும் சொல்ல முடியாது.

கல்காரர் பட்டறையை விட்டுவிட்டார். இப்போது ஒரு ரோஜாத் தோட்டத்தில் இரவுக் காவல். விடுவதற்கு முன்னால், ஏதாவது நஷ்டஈடு கேட்கலாம் என்று முதலாளியைப் பார்க்கப் போனார், நானும் போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மேஜை அறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எங்கள்முன் வைத்தார். முகாம் சீட்டின் நகல்.

"அப்போ எல்லாம் நார்மல்னுதானே வந்தது? இவரே பட்டறை பூரா சொல்லிட்டிருந்தாரே, எழுத்தாளர் சாரே பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார்னு."

கல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தம்! திரும்பும் வழியில் அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

ரத்தத்தில் தெரிகிற செய்தி யாருக்குச் சொந்தம் என்று அன்றுமுதல் யோசிக்கிறேன். மூச்சை அளக்கும் கருவியை 1846இல் உலகுக்குச் சொன்ன ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர், ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அது பயன்படும் என்று எதிர்பார்த்தார். அதாவது, யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995இல் நம் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அவன் வாழ்வுரிமையில் அடங்கியது என்று சொல்லி, உடல்நலக் குறிப்புகளை 40 வருஷம் வரை வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. கருவி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு தூசியையும் வெளியேற்றலாம், ஆளையும் வெளியேற்றலாம்.

அகமதாபாத்தில் இருக்கும் தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தார், கல்தூசிக்கென்றே ஒரு ரத்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நுரையீரலின் நுண்குழாய்களில் உள்ள ஒருவகைச் செல்கள் சி.சி.16 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அழற்சியை அடக்கிவைக்கிற புரதம் அது. கல்தூசி அந்தச் செல்களைக் கெடுக்கக் கெடுக்க, ரத்தத்தில் அது குறைந்துகொண்டே வருகிறது. மற்ற எண்கள் ஏறினால் ஆபத்து. இது இறங்கினால் ஆபத்து. ஒன்று இல்லாமையும் ஓர் அறிவுதான் என்று, அபாவம் என்பதையும் பிரமாணங்களில் சேர்த்து எண்ணியவர்கள் நம்மவர்கள். எக்ஸ்ரேயில் மணல் தெரிவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும் என்பது நம்பிக்கை. நல்ல காரியம். அந்த எச்சரிக்கை முதலில் யார் மேஜைக்குப் போகும் என்பதுதான் என் கவலை. தொழிலாளியின் கைக்குப் போனால் அவன் தண்ணீர்க் குழாய் கேட்பான். வேறு மேஜைக்குப் போனால், எண் இறங்கத் தொடங்கியவனுக்குக் கணக்கு முடித்து, 18 வயதில் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் கல்காரர் மறுபடியும் வந்தார். கூட அவர் மகன். ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் விட்டவன், அகலமான மார்பு. அப்பா விட்ட இடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறதாம். அந்த வருமானம் இல்லாமல் வீடு நடக்காது என்பது எனக்கும் தெரியும். இந்த வருஷ முகாமில் அவன் ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லுங்க சார்."

சி.ஆர்.பி. 0.8. எல்லா வரியும் ஒழுங்கு. சீட்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பையனை உட்காரச் சொன்னேன். கல் அறுக்கும்போது தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டேன்.

"காலையில விடுவாங்க சார்" என்றான். "மத்தியானம் மோட்டார் நின்னுட்டா, அப்படியேதான்."